வசந்தமலர் தொடாத எட்டுச் சாடிகள்

கூஜ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தக் கல்லூரிப் பேஸ்மென்டை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம் நிற்கிறது. உள்ளே போவதற்கு அட்டை வேண்டுமாம். வசந்தமலரின் காலத்தில் அட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. காலை ஏழே முக்காலுக்குப் பின்பக்கப் படியால் இறங்கினால் கொதிகலன் அறையின் சூடு முகத்தில் அடிக்கும். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தேநீருக்குக் கேத்தலை வைப்பாள். பெரிய படிப்பாளிகள் எல்லாம் மேல் மாடியில் குளிரில் நடுங்க, கழுவுகிற வேலைக்காரி கீழே கதகதப்பாக இருந்தாள் என்று இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அந்த இடத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

அவள் லண்டனுக்கு வந்தது எண்பத்தாறில். கணவர் தியாகராஜா இரண்டு வருடம் முன்னதாகவே வந்து, கோலியர்ஸ் வுட்டில் ஒரு மாடி வீட்டின் பின்னறையை எடுத்துவைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் ஏ லெவலுக்குக் கெமிஸ்ட்ரி படித்தவள் வசந்தமலர். லண்டனில் அந்தப் படிப்புக்குக் கிடைத்த மரியாதை, கெமிஸ்ட்ரிக்காரர்கள் அழுக்காக்கிய கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிற வேலை. ஏஜென்சிக்காரி அதைச் சொன்னபோது கொஞ்சம் தயங்கினாளாம், இந்தப் பெண் கோபித்துக்கொள்வாளோ என்று. வசந்தமலர் கோபிக்கவில்லை. குடுவை என்றால் குடுவை, கழுவுவது என்றால் கழுவுவது என்று இறங்கிவிட்டாள். அவள் கழுவி வைத்த தட்டிலிருந்து எடுப்பதற்கு மாணவர்கள் சண்டை பிடித்தது பிறகு நடந்த கதை.

டொக்டர் ரவிச்சந்திரனை அவள் சந்தித்ததும் கழுவுகிற தொட்டியடியில்தான். எண்பத்தெட்டாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை. யாரோ ஒரு குடுவையில் எதையோ அடிப்பிடிக்கக் காய்ச்சி, காயவிட்டு, அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பேஸ்மென்டில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்ற தைரியத்தில், "எந்த மூதேவி இதுக்குள்ளை பசை காய்ச்சினது" என்று வாய்விட்டே கேட்டாள்.

"நான்தாங்க அந்த மூதேவி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மெலிந்த, உயரமான மனிதர். மலேசியாவில் ஈப்போ ஊர்க்காரர். படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே உத்தியோகம் ஆகிவிட்டவர். வசந்தமலருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அவரோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தானே தேய்க்க வந்துவிட்டார். அன்றைக்கே அவள் அவருக்கு அக்கா ஆனாள். அவரைவிட அவள் இரண்டு வயதுதான் மூத்தவள். ஆனாலும் அவருக்கு ஒரு அக்கா தேவைப்பட்டது, அவளுக்கும் அந்த ஊரில் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆள் தேவைப்பட்டது. அவள் மட்டும் கடைசிவரை அவரை டொக்டர் என்றுதான் கூப்பிட்டாள்.

அவருடைய ஆராய்ச்சி துரு பற்றியது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கோர்ன்வாலில் பழைய தகரச் சுரங்கம் ஒன்று மூடிக் கிடந்தது. சுரங்கத்தை மூடினால் பம்புகளையும் நிறுத்திவிடுவார்கள். நிலத்தடி நீர் மெல்ல மேலேறி, கல்லில் உள்ள இரும்பையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு வெளியே வழியும். அப்படி வழிகிறது வெறும் தண்ணீர் இல்லை, அமிலம். அது விழுகிற ஓடையில் மீன் இருக்காது. கல்லெல்லாம் செம்மஞ்சளாகத் துருப்பிடித்துக் கிடக்கும். ஈப்போவின் தகரச் சுரங்கங்கள் விட்டுப்போன குளங்களுக்கு நடுவே வளர்ந்தவர் ரவிச்சந்திரன். அந்தத் தண்ணீரைச் சுத்தமாக்காமல் விடுவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"சுண்ணாம்பு கொட்டலாங்க்கா, ஆனா காலம் பூரா கொட்டிக்கிட்டே இருக்கணும்," என்று அவளுக்கு விளக்கினார். "இந்தச் சேத்துக்குள்ள சில கிருமி இருக்கு. நமக்கு மூச்சு விடக் காத்து வேணும். இதுங்களுக்குத் துரு போதும். துருவ வச்சே மூச்சு விடும். அப்படி விடறப்போ தண்ணியோட புளிப்பையும் கொறச்சிடும்."

"துருவிலை மூச்சு விடுறதோ?" என்று கேட்டாள் வசந்தமலர்.

"ஆமாங்க்கா. நம்ம வேலைய அதுங்க செய்யும். நாம கொஞ்சம் பாத்துக்கிட்டாப் போதும்."

அந்தப் 'பாத்துக்கிறது' வசந்தமலரின் கைக்கு வந்தது. கொதிகலன் அறைச் சுவரோரம், சூடு படுகிற இடத்தில், எட்டுப் பெரிய கண்ணாடிச் சாடிகள் வைத்தார்கள். அடியில் சுரங்கச் சேறு, அதோடு வைக்கோலும் குதிரைச் சாணமும், மேலே கோர்ன்வாலிலிருந்து பீப்பாயில் வந்த செந்தண்ணீர். வேலை நாள் ஒவ்வொன்றிலும் காலையில் அவள் மூடியைத் திறந்து, கிருமிகளுக்குத் தீனியாகக் கரும்புப் பாணி, அதாவது பாகு, கலந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, கண்ணாடிக் கோலால் கிளறி மூடவேண்டும். சுவரில் தொங்குகிற தாளில் அந்தந்த நாளுக்கு நேரே சரி அடையாளம் போடவேண்டும். சேறு அடியில் இறுகினால் கிருமிகள் பட்டினி கிடந்து செத்துவிடும் என்பது ரவிச்சந்திரனின் எண்ணம். ஒரு சுற்று போதும், மெதுவாக, என்று சொல்லியிருந்தார்.

ஒரு சுற்று என்றால் என்ன? சமைக்கத் தெரிந்த எந்தக் கையாவது ஒரு சுற்றோடு நிற்குமா? அடிப்பிடிக்க விடாமல், ஓரத்தில் ஒட்டியதை வழித்து, கோலில் கனம் தெரியாமல் போகும்வரை கிளறிவிட்டுத்தான் வசந்தமலர் மூடியைப் போடுவாள். வேலையைக் குறைத்துச் செய்தால்தானே குற்றம். கூடச் செய்தால் யார் கேட்பார்கள்? ஏழு மாதம் இப்படிப் போயிற்று. தண்ணீரின் சிவப்பு அப்படியே இருந்தது. புளிப்பை அளக்கிற மீட்டரில் எண் ஏறினால் புளிப்புக் குறைகிறது என்று அர்த்தம். அது மூன்றைத் தாண்டிக் கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். ரவிச்சந்திரனின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த ஏழு மாதத்தைத்தான் அவள் தன் நல்ல காலம் என்கிறாள். காலையில் சாடிகள், பிறகு தேநீர், பிறகு குடுவைகள். மத்தியானம் ரவிச்சந்திரன் இறங்கி வந்து அவள் கொண்டுவந்த புட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, ஈப்போவின் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி அளப்பார். தொண்ணூறாம் ஆண்டு முடிகிறபோது அவர் இன்னொன்றும் செய்தார். துறைத் தலைவரிடம் போய், இந்தப் பெண்ணை வருடா வருடம் கையெழுத்து வாங்குகிற வேலையில் வைத்திருப்பது அநியாயம், நிரந்தர டெக்னீஷியன் ஆக்கவேண்டும் என்று வாதாடினார். ஏப்ரலில் அந்த இடம் வருகிறது, அவளுக்கே என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தியாகராஜா அதைக் கேட்ட அன்றே மோர்டன் பக்கம் வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டார். நிரந்தர உத்தியோகம் என்ற கடிதம் ஒன்று இருந்தால் பாங்க்காரன் முகம் கொடுத்துப் பேசுவான்.

பெப்ரவரி முதல் வாரம் ரவிச்சந்திரன் கோர்ன்வாலுக்குப் புறப்பட்டார். திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.

"அக்கா, சாடிங்க உங்க பொறுப்பு. உங்க கையத் தவிர வேற கை படக் கூடாது."

"ஓம் டொக்டர். நான் பாத்துக்கொள்ளுறன்."

அந்த வியாழக்கிழமை லண்டனில் பனி கொட்டியது. ரயில்கள் நின்று நின்று ஓடி, அவள் வீடு வந்து சேர ஏழு மணியாயிற்று. தியாகராஜா தொலைபேசிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தார். கொழும்பிலிருந்து அவருடைய மச்சான் இராஜேந்திரன் பேசியிருக்கிறான். திங்கட்கிழமை ஊரில் தியாகராஜாவின் அம்மா போய்விட்டா. செய்தி வவுனியா வந்து, கொழும்பு வந்து, கோலியர்ஸ் வுட்டுக்கு வர நாலு நாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது மகன் முறையான ஒரு பெறாமகன்.

வசந்தமலருக்கு மாமி என்றால் உயிர். கல்யாணமான புதிதில் அவளைத் தன் பிள்ளைக்கு மேலாக வைத்திருந்தவர்; அவள் லண்டனுக்கு விமானம் ஏற, தன் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்தவர். அன்றிரவு அவள் அழுத அழுகை கீழ் வீட்டு வெள்ளைக்காரி வந்து கதவைத் தட்டும் அளவுக்கு இருந்தது.

சாவீட்டுத் தீட்டை யாழ்ப்பாணத்தார் துடக்கு என்பார்கள். முப்பத்தொரு நாள். கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியங்களில் தலைகாட்டுவதில்லை. மாமி இதில் இன்னும் ஒரு படி மேலே. துடக்கோடு ஊறுகாய்ச் சாடியைத் தொட விடமாட்டார். உறையூற்றிய பாலைத் தொட விடமாட்டார், வெற்றிலைக் கொடியைத் தொட விடமாட்டார். உயிரோடு புளிக்கிற, வளர்கிற எதுவும் துடக்குக் கை பட்டால் கெட்டுப்போகும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. தியாகராஜாவால் ஒரு நாள்கூடத் துடக்குக் காக்க முடியவில்லை. மறுநாளே சவரம் செய்து சீருடை போட்டுக்கொண்டு பெற்றோல் ஸ்டேஷனுக்கு ஷிப்டுக்குப் போனார். போகாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவன் காத்திருந்தான். அவருக்கும் சேர்த்துத் தானே காப்பது என்று வசந்தமலர் தீர்மானித்துக்கொண்டாள். முப்பத்தொன்றில் நாலு போக, மிச்சம் இருபத்தேழு நாள்.

வெள்ளிக்கிழமை காலை பேஸ்மென்டுக்குப் போய்க் கோட்டை மாட்டிவிட்டுச் சாடிகளுக்கு முன்னால் நின்றாள். கை நீளவில்லை. எட்டுச் சாடி, எட்டும் உயிர். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கோடிக்கணக்கில் புளித்துக்கொண்டும் மூச்சு விட்டுக்கொண்டும் இருப்பவை. மாமியின் துடக்கோடு தொட்டு அவை செத்துப்போனால்? டொக்டரின் மூன்று வருடப் பாடு என்ன ஆவது? வேறு யாரையாவது தொடச் சொல்லலாம் என்றால், வேறு கை படக் கூடாது என்பது அவர் கட்டளை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தக் காலையில் அவளுக்கு அது சிரிப்பான விஷயமாகத் தெரியவில்லை. தொட்டால் சாகும், தொடாவிட்டால் பட்டினி. பட்டினி கிடந்தாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று மூடியைத் திறக்காமல் விட்டாள்.

அதுவரைக்கும் சரி. ஆனால் சுவரில் தாள் தொங்குகிறது. திங்கட்கிழமைதோறும் கல்லூரியின் மேற்பார்வையாளர் ஒருவர் வந்து அதைப் பார்ப்பார். வெற்றுக் கட்டம் கண்டால் கேள்வி வரும். துடக்கு என்றால் என்னவென்று அந்த மனுசனுக்கு எந்த வாயால் விளக்குவது? அவள் பேனாவை எடுத்துச் சரி அடையாளம் போட்டாள். பொய்யாகப் போட்ட முதல் அடையாளம். பிறகு அது பழகிவிட்டது. இருபத்தேழு நாளில் வேலை நாட்கள் பத்தொன்பது, பத்தொன்பது பொய். ரவிச்சந்திரன் நடுவில் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாம் சரியா என்று கேட்டபோதும் ஓம் என்றாள். ஒவ்வொரு நாளும் சாடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே குடுவை கழுவினாள். முகத்தைத் திருப்பிப் பார்க்கப் பயம்.

முப்பத்தோராம் நாள், புதன்கிழமை மாலை, வீட்டில் துடக்குக் கழிக்கிற அந்தியேட்டிப் படையல் போட்டார்கள். வியாழன் காலை தலைமுழுகிவிட்டு அவள் பேஸ்மென்டுக்கு வந்தபோது ரவிச்சந்திரன் அவளுக்கு முன்பே வந்து நின்றார். கையில் பயணப் பை அப்படியே இருந்தது. எட்டுச் சாடியும் மூடி திறந்திருந்தன.

செத்துவிட்டன என்றுதான் நினைத்தாள்.

"அக்கா, இங்க வாங்க. வந்து பாருங்க."

பார்த்தாள். சிவப்பைக் காணவில்லை. சேறு கரும்பச்சையாக மாறியிருந்தது. அதற்கு மேலே தண்ணீர் தெளிந்து, பின்னால் இருந்த செங்கல் சுவரின் கோடுகள் தெரிந்தன. மீட்டரை எடுத்து அவர் ஒவ்வொன்றாக அளந்தார். ஆறு. ஆறுக்குக் கொஞ்சம் மேலே. மறுபடி ஆறு. அந்த நெட்டை மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஜெயிச்சிட்டோங்க்கா," என்றார். வசந்தமலர் சுவரில் தொங்கிய தாளைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். சந்தோஷம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை துறைத் தலைவரே படியிறங்கி வந்தார். ரவிச்சந்திரன் சுவரிலிருந்து தாளைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, பாருங்கள், பனி கொட்டிய நாள்களில்கூட ஒரு நாள் தவறவில்லை, விடாமல் கிளறிய இந்தக் கைதான் காரணம் என்று ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினார். தலைவர் வசந்தமலரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமை சுரங்கக்காரர்களுக்கு அறிக்கை போகிறது. அங்கே பெரிய குளம் வெட்டுவார்கள். தினமும் கிளறுவதற்கு மெஷின் வைப்பார்கள். எல்லாம் இந்தத் தாளை நம்பி.

சனிக்கிழமை அவள் தியாகராஜாவிடம் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இஞ்சேருங்கோ, நான் டொக்டருக்குச் சொல்லப்போறன்," என்றாள்.

"நீர் ஒண்டும் சொல்லாதையும். எல்லாம் நல்லாத்தானே முடிஞ்சிருக்கு. ஏப்ரல் வரைக்கும் பொறும்."

"சுரங்கக்காரர் தினம் கிளறப்போகினம். நான் கிளறாமல் விட்டபடியாத்தான் அது சரிவந்தது. எனக்குத் தெரியும்."

"உமக்கென்ன தெரியும்? நீர் டொக்டரோ?"

"ஏழு மாசம் கிளறினது ஆர்? நான்தானே. அப்ப ஒண்டும் நடக்கேல்லை."

மோர்டன் வீட்டின் படம் போட்ட தாள் மேசையில் கிடந்தது. அதை மடித்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, "உம்மடை விருப்பம்," என்றார். அவர் சம்மதித்துச் சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே போய், ரவிச்சந்திரனுடைய அறை வாசலில் நின்றாள். அறிக்கை உறைக்குள் தயாராக இருந்தது. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. மென்று விழுங்காமல் சொல்லிவிடுவது என்று ரயிலிலேயே தீர்மானித்திருந்தாள்.

"டொக்டர், நீங்கள் போனாப்பிறகு நான் சாடியைத் திறக்கேல்லை. பாணி விடேல்லை, கிளறேல்லை. இருபத்தேழு நாள். தாளிலை போட்டதெல்லாம் பொய்."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஏங்க்கா?"

"மாமி செத்த துடக்கு."

"என்னது? தீட்டா? லண்டன்ல, ஒரு லேப்ல, தீட்டுப் பாத்தீங்களா?" அவர் குரல் உயர்ந்ததை அவள் அன்றுதான் முதன்முதலில் கேட்டாள். "உங்களுக்காக நான் அந்தத் தலைவர்கிட்ட எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? நம்மாளுங்கன்னா இப்படித்தான்னு சொல்ல மாட்டாங்க? போன்ல கேட்டேனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கவேணும். பிழைதான். ஆனா நீங்கள் அறிக்கையை அனுப்பினா சுரங்கக்காரரின்ரை குளம் பாழாப்போகும். அதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

அவர் அறிக்கை உறையை எடுத்து மேசை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு வேறு குரலில் கேட்டார். "மூடியத் தொறக்கவே இல்ல?"

"இல்லை."

"ஒரு வாட்டிகூட?"

"இல்லை டொக்டர்."

"அதுக்கு முன்னாடி எப்படிக் கிளறுவீங்க? காட்டுங்க."

மேசையில் இருந்த பேனாவை எடுத்து, காற்றில் கிளறிக் காட்டினாள். ஓரம் வழித்து, அடி தட்டி, இருபது சுற்றாவது இருக்கும். ரவிச்சந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். காற்றே ஆகாத கிருமிகளுக்குக் காலைக்குக் காலை காற்றை அள்ளி ஊட்டியிருக்கிறாள். கரைந்த இரும்பு மறுபடி துருவாகி, எல்லாம் முதலில் இருந்து. தீனிக்கும் வைக்கோலே போதுமாயிருந்திருக்கிறது. பாணி அவருடைய சொந்தக் கற்பனை. ஒரே ஒரு சுற்று என்றாலும் கிளறச் சொன்னதே தன் பிழை என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ள இன்னும் மூன்று மாதம் ஆயிற்று.

அறிக்கை போகவில்லை. தலைவரிடம் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பொய்யான பதிவை மறைப்பது ரவிச்சந்திரனுக்கும் முடியாத காரியம். வசந்தமலருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஏப்ரலில் நிரந்தர இடம் வேறொருவருக்குப் போயிற்று. தியாகராஜா ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறாள். எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது வேறு. ரவிச்சந்திரன் அவளை மிஸஸ் தியாகராஜா என்று கூப்பிடத் தொடங்கினார். புட்டுக்கு இறங்கி வருவதும் நின்றது. கொண்டுபோனதில் பாதியை அவள் அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள்.

எட்டுச் சாடிகளையும் கழுவிப் புதிதாகத் தொடங்கினார்கள். நாலைக் கிளறுவது, நாலை மூடி வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பது. இந்த முறை தாளில் வசந்தமலர் போட்ட ஒவ்வொரு அடையாளமும் சத்தியம். ஜூன் மாதம் ஒரு மத்தியானம், அவள் தொட்டியடியில் நிற்கும்போது, படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்குகிற சத்தம் கேட்டது.

"அக்கா, நாலும் தெளிஞ்சிடுச்சு. கிளறுனது நாலும் அப்படியே செவப்பா கெடக்கு. தப்பு என் மேலதான், முதல்ல சொன்னதே நான்தானே லா," என்றார் ஈப்போப் பேச்சில்.

நாலு சாடி தெளிந்ததை விட, அந்த 'அக்கா' காதில் விழுந்ததுதான் அவளுக்குப் பெரிது. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினாள். நிரந்தர இடம் அந்த வருடமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. அவள் அதே தொட்டியடியில் வருடா வருடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்று நாலில் பேஸ்மென்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். சுரங்கக்காரர்கள் அதற்குள் ஒரு குளம் வெட்டி, அது வேலை செய்து, இரண்டாவது குளமும் வெட்டியிருந்தார்கள். பாலுக்கு உறையூற்றுவதுபோல் அதில் விடுவதற்கு இங்கே இருந்த சேற்றை எடுத்துப்போகக் கோர்ன்வாலிலிருந்து ஒரு வேன் வந்தது. கூட வந்தவர் குளத்து வேலைகளின் மேற்பார்வையாளர், பென்ஹேல் என்று பெயர், அறுபது வயதிருக்கும். பீப்பாய்களில் ரவிச்சந்திரன் எழுதி ஒட்டியிருந்த அறிவுறுத்தல் தாளை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். சேற்றை இறக்கிய பின் இருபத்தேழு நாள் யாரும் கை வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

"முதல் குளத்துக்கும் இப்படித்தான் காத்தோம்," என்றார் அவர் ரவிச்சந்திரனிடம். "சுற்றிலும் கயிறு கட்டினோம். என் ஆட்கள் பதினாலு பேரில் ஒருத்தன் கிட்டப் போகவில்லை. என் நாயைக்கூட விடவில்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும் டொக்டர். அது என்ன இருபத்தேழு? முப்பது என்று போட்டிருக்கலாமே?"

ரவிச்சந்திரன் வசந்தமலரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கக்கா."

அந்த எண்ணை மாற்றாமல் அவர் வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அது என்னுடைய மாமியாரின் கணக்கு," என்றாள் ஆங்கிலத்தில்.

"அவரும் இந்தத் துறையா?"

"இல்லை. அவர் இறந்துபோனார். எங்கள் வழக்கப்படி முப்பத்தொரு நாள் காக்கவேண்டும். செய்தி வரும்போது இருபத்தேழு நாள் மிச்சம் இருந்தது. அந்த நாள்களில் நான் சாடிகளைத் தொடவில்லை."

பென்ஹேல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பெயர் என்ன, அவருக்கு?"

"கலாவதி."

அவர் அதைத் தன் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. திங்கட்கிழமை சேற்றை இறக்குகிறோம், அன்றிலிருந்து இருபத்தேழு நாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தியாகராஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கயிறு கட்டியதைச் சொன்னாள், நாயைச் சொன்னாள், தொப்பியைச் சொன்னாள்.

"எத்தினை பேரெண்டு சொன்னவர்?"

"பதினாலு பேராம்."

தியாகராஜா தன் கைகளைப் பார்த்தார்.

"முகம் தெரியாத பதினாலு பேர் அம்மாவுக்குத் துடக்குக் காத்திருக்கினம்," என்றார். "பெத்த பிள்ளை, எனக்கு ஒரு நாள்கூட ஏலாமல் போச்சு."